பெயரிடுவதும் பெயர் கேட்பதும்
பாலீர்ப்பைக் குறிக்கும் சொற்களும் திருச்சபையின் மேய்ப்புப் பணியும்

முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்ச் சபை ஒன்றில் பணியாற்றும் ஆயர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். ஞாயிறு ஆராதனை முடிந்து சபையார் கலைந்தபின், இளைஞர் ஒருவர் ஆலயத் தூணருகே தயங்கி நிற்கிறார். ஆலங்குடியிலோ அறந்தாங்கியிலோ பிறந்து, திருப்பூரிலோ சென்னையிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்து, விடுமுறைக்கு ஊர் வந்தவர். வீட்டில் அவருக்குப் பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். “ஐயா, நான் தன்பாலீர்ப்பு உள்ளவன்” என்கிறார் அவர். அல்லது நகரத்தில் பழகிய பழக்கத்தால் “நான் கே” என்கிறார். அல்லது சொல் ஒன்றும் வாய்க்கு வராமல், “எனக்குக் கலியாணம் வேண்டாம் ஐயா, நான் மற்றவர்களைப்போல் இல்லை” என்று மட்டும் கூறி நிறுத்திக்கொள்கிறார்.

அடுத்து ஆயரின் வாயிலிருந்து வரும் சொல் எது? அவர் அறிந்த சொற்கள் பெரும்பாலும் மூன்று இடங்களிலிருந்து வந்தவை: தெருவின் ஏச்சு, செய்தித்தாளின் தலைப்பு, திருமறையின் பழைய மொழிபெயர்ப்பு. இம்மூன்றில் ஒன்றுகூட அந்த இளைஞர் தமக்கென இட்டுக்கொண்ட பெயரன்று. அவர் நெடுநாள் தேடி, அஞ்சி, ஒத்திகை பார்த்துக் கொண்டுவந்த சொல்லைக் கேளாமலே, ஆயர் தம்மிடமுள்ள சொல்லை அவர்மேல் வைத்துவிடக் கூடும். அந்நொடியிலேயே உரையாடல் முடிந்துவிடும். ஒருவேளை அவர் திருச்சபைக்கு வருவதும் அன்றோடு நின்றுவிடும்.

மக்கள் தம் பாலீர்ப்பைக் குறிக்கும் பெயரை எவ்வாறு தெரிந்துகொள்கிறார்கள், அப்பெயர்கள் காலந்தோறும் ஏன் மாறுகின்றன, இதனால் மேய்ப்புப் பணிக்கு வரும் கடமை யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தன்பாலீர்ப்பைப் பற்றிய ஒழுக்கவியல் விவாதத்தைத் தீர்த்துவைக்க இது முனையவில்லை. அவ்விவாதத்திற்கு முன் செய்யவேண்டிய ஒன்றையே இது எடுத்துக்கொள்கிறது. ஒருவரைப் பற்றித் தீர்ப்புக் கூறுவதற்கு முன் அவர் யாரென்று அவர் வாயாலேயே கேட்டறிதல் வேண்டும்.

1. பெயர் மாற்றம் நமக்குப் புதியதன்று

“நாளுக்கொரு பெயர் சொல்லுகிறார்களே, எதை நினைவில் வைப்பது?” என்று சபையாரில் மூத்தோர் சலித்துக்கொள்வதுண்டு. ஆனால் பெயர் மாற்றத்தின் வழியாகவே வளர்ந்தவர்கள் நாம். கடவுளைக் குறிக்கத் தமிழ்த் திருச்சபை வழங்கிய சொற்களை எண்ணிப் பார்த்தாலே இது விளங்கும். சீகன்பால்கு சருவேசுரன் என்றார். பப்ரிசியுஸ் பராபரன் என்றார். 1871 ஆம் ஆண்டின் ஐக்கியத் திருப்புதல் தேவன் என்றது. 1995 இல் வெளிவந்த திருவிவிலியம் கடவுள் என்கிறது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும், பழைய சொல்லில் செபித்துப் பழகியவர்கள் வருந்தினர். ஆயினும் சொல் மாறியதால் ஆண்டவர் மாறிவிடவில்லை.

‘கிறிஸ்தவர்’ என்னும் பெயரே அந்தியோகியாவில் பிறர் நம் முன்னோருக்கு இட்டது (அப். 11:26). ‘லுத்தரன்’ என்பது எதிரிகள் வைத்த பெயர். ‘மெதடிஸ்டு’ என்பது கேலிப்பெயர். இவற்றை ஏற்றவர்கள் அவற்றின் இழிவை உதறிவிட்டுத் தமக்கு உரியவையாக்கிக் கொண்டனர். ஏச்சுச் சொல்லைத் தம் பெயராக்கிக் கொள்ளுதல் என்பது இக்காலத்தார் கண்டுபிடித்த வழக்கமன்று.

தமிழகத்தின் சமூக வரலாற்றிலும் இதுவே நிகழ்ந்தது. ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர்கள் போராடியதன் பயனாக 1922 இல் சென்னை மாகாண அரசு ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயரை ஏற்றது. காந்தியடிகள் ‘ஹரிஜன்’ என்றார். நல்லெண்ணத்தோடு இட்ட பெயராயினும் அது பிறர் இட்ட பெயர் என்பதால் பலர் அதனை ஏற்கவில்லை. பின்னர் ‘தலித்’ என்னும் பெயரை அம்மக்களே உயர்த்திப் பிடித்தனர். நம் இறையியற் கல்லூரிகளில் தலித் இறையியல் வேரூன்றியபோது நாம் கற்ற முதற்பாடம் இதுவே: பெயரின் அழகைவிட, அதனை இட்டவர் யார் என்பதே முதன்மையானது.

புதுக்கோட்டைக்கு இது இன்னும் நெருக்கமான செய்தி. 1886 இல் அவ்வூரில் பிறந்து, அங்குள்ள மகாராஜா கல்லூரியில் பயின்று, பின்னர் மருத்துவரான முத்துலட்சுமி ரெட்டி, தாய்வழியில் தேவதாசி மரபைச் சேர்ந்தவர். கோயிற் கல்வெட்டுகளில் ‘தேவரடியார்’ என்பது கண்ணியமான சொல். இறைவனின் அடியவர் என்பதே அதன் பொருள். அதே சொல் திரிந்து தெருச்சண்டையில் பெண்களை இழிக்கும் வசையாயிற்று. முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் தொடங்கிய முயற்சி 1947 இல் தேவதாசி ஒழிப்புச் சட்டமாக முற்றுப்பெற்றது. அம்மரபினர் ‘இசை வேளாளர்’ என்னும் பெயரைத் தமதாக்கிக் கொண்டனர். உயர்ந்த சொல் வசையாகத் தாழ்ந்ததையும், தாழ்த்தப்பட்டோர் புதிய பெயரால் நிமிர்ந்ததையும் அம்மண் ஒருங்கே கண்டிருக்கிறது.

2. மேலைநாட்டுச் சொற்கள் பிறந்த கதை

‘ஹோமோசெக்சுவல்’ என்னும் சொல் தொன்மையானதன்று. ஒரே பாலாரிடம் காதல் கொண்டோர் எக்காலத்தும் இருந்தனர். ஆனால் அவர்களை ஒரு தனி வகையினராகக் குறிக்கும் சொல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தோன்றிற்று. 1864 முதல் ஜெர்மானிய வழக்கறிஞர் கார்ல் ஹைன்ரிஹ் உல்ரிக்ஸ், தம்மைப் போன்றோரைக் குறிக்க ‘ஊர்னிங்’ என்ற சொல்லை ஆக்கி வழங்கினார். 1869 இல் கெர்ட்பெனி என்னும் எழுத்தாளர், பிரஷ்ய நாட்டுத் தண்டனைச் சட்டத்தை எதிர்த்து வெளியிட்ட சிறுநூலில், கிரேக்கத்தையும் இலத்தீனையும் இணைத்து ‘ஹோமோசெக்சுவல்’ என்ற சொல்லைக் கையாண்டார். இவ்விரு சொற்களுமே சிறையிலிருந்து மனிதரைக் காக்கும் வாதங்களாகப் பிறந்தவை.

ஆனால் அச்சொல் விரைவில் மருத்துவர் கைக்குப் போயிற்று. 1886 இல் கிராஃப்ட்-எபிங் வெளியிட்ட நூலின் வழியாக அது நோயின் பெயராகப் பரவிற்று. விடுதலைக்கென ஆக்கிய சொல் மருத்துவமனைப் பதிவேட்டில் ஏறியதும், அம்மக்கள் வேறு சொல்லைத் தேடினர். அமெரிக்காவில் ‘கே’ என்ற சொல்லைத் தெரிந்துகொண்டனர். மகிழ்ச்சி என்னும் பொருளுடைய அச்சொல்லில் நோயின் வாடை இல்லை. 1973 இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. 1990 இல் உலக சுகாதார நிறுவனமும் அவ்வாறே செய்தது. அக்காலத்தையொட்டி ‘குயர்’ என்னும் ஏச்சுச் சொல்லைச் சிலர் துணிந்து தம் பெயராக ஏற்றனர். நம் முன்னோர் ‘மெதடிஸ்டு’ என்னும் கேலியை ஏற்றது போன்றதே அதுவும்.

இவையெல்லாம் மேலைநாட்டு இறக்குமதி என்று கூறித் தள்ளிவிடுவோர் உண்டு. சொற்கள் அயலிலிருந்து வந்தவை என்பது மெய்யே. ஆனால் அச்சொற்கள் குறிக்கும் மக்கள் இம்மண்ணில் பிறந்தவர்கள். மேலும், அவர்களைக் குற்றவாளிகளாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377 ஆம் பிரிவும் 1860 இல் ஆங்கிலேயர் கொணர்ந்ததே. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயதுவந்தோர் மனமொத்துக் கொள்ளும் உறவை அப்பிரிவின் பிடியிலிருந்து விடுவித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அப்பிரிவே இல்லை. புதுக்கோட்டையார் பலர் பிழைக்கச் செல்லும் சிங்கப்பூரிலும் இத்தகைய பழஞ்சட்டம் ஒன்று 2023 சனவரியில் நீங்கிற்று.

3. தமிழ்ச் சொற்களின் பயணம்

தமிழ் இலக்கணம் இப்பொருளை அறியாததன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கம், ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயரையும் தெய்வத்தைக் குறிக்கும் பெயரையும் ஒரே நூற்பாவில் வைத்து, இரண்டையும் உயர்திணையில் சேர்க்கிறது. ஆண்மை திரிந்தாரை ஆண்பால் விகுதியால் கூறலாகாது எனவும் விலக்குகிறது. பல நூற்றாண்டுகளுக்குப்பின் வந்த நன்னூல், அவர்களை ஆண்பாலிலும் பெண்பாலிலும் வகைப்படுத்தியதோடு, அஃறிணை போலக் கூறவும் இடமளித்தது. இலக்கணத்தில் திணை மாறுவது சிறிய செய்தியன்று. ‘அவர்’ என்பதற்கும் ‘அது’ என்பதற்கும் இடையே உள்ள தொலைவு, மனிதருக்கும் பொருளுக்கும் இடையே உள்ள தொலைவாகும். இன்றும் நம் தெருக்களில் சிலரைச் சுட்டி ‘அது போகிறது பார்’ என்று சிரிக்கும் குரலில் அந்த அஃறிணை உயிரோடிருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பாலினம் என்பது ஒருவர் தம்மை ஆணாகவோ பெண்ணாகவோ வேறாகவோ உணர்வது. பாலீர்ப்பு என்பது ஒருவர் யாரிடத்தில் காதலும் நாட்டமும் கொள்கிறார் என்பது. முன்னது ‘நான் யார்’ என்பதைப் பற்றியது. பின்னது ‘நான் யாரை நேசிக்கிறேன்’ என்பதைப் பற்றியது. இலக்கணிகள் பேசியது பெரிதும் முன்னதைப் பற்றியே. ஊர்வழக்கு இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, ஆணை நேசிக்கும் ஆண் எல்லோரையும் ‘அலி’ என்றே இகழ்கிறது. ஆயர் இக்குழப்பத்தினின்று முதலில் விடுபடல் வேண்டும்.

பாலினத்தைக் குறிக்கும் சொற்களின் மாற்றத்தைத் தமிழகம் கண்முன்னே கண்டது. ‘அலி’ என்பது அகராதிச் சொல்லாக இருந்து வசையாயிற்று. கூத்தாண்டவர் விழா நடைபெறும் கூவாகத்தின் அரவான் கதையினின்று ‘அரவாணி’ என்னும் சொல் எழுந்து 1990 களில் பரவிற்று. 2008 ஏப்ரல் 15 அன்று தமிழக அரசு அமைத்த நலவாரியமும் தொடக்கத்தில் அரவாணிகளின் பெயராலேயே வழங்கிற்று. ஆயினும் புராணக் கதை ஒன்றில் கட்டுண்ட அப்பெயர் எல்லோருக்கும் உவப்பாயில்லை. ‘திருநங்கை’ என்னும் சொல்லை அரசு ஏற்றது, மக்களும் ஏற்றனர். பிறப்பில் பெண்ணெனக் கருதப்பட்டு ஆணாக வாழ்வோர்க்குத் ‘திருநம்பி’ என்னும் சொல் அமைந்தது. 2020 இல் அரசு ஆணையொன்றில் ‘மூன்றாம் பாலினத்தவர்’ என்னும் சொல் அதற்கு மாற்றாக இடம்பெற்றபோது கண்டனம் எழுந்தது. “முதலாமவர் யார், இரண்டாமவர் யார்?” என்னும் வினாவில் நியாயம் இருந்தது.

பாலீர்ப்பைக் குறிக்கும் சொற்கள் இன்னும் மெதுவாகவே வந்தன. செய்தித்தாள்கள் நெடுங்காலம் ‘ஓரினச்சேர்க்கையாளர்’ என எழுதின. இச்சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்த்தல் நன்று. ‘சேர்க்கை’ என்பது உடற்செயலை மட்டுமே சுட்டுகிறது. அவ்வாறாயின், எவரோடும் உறவு கொள்ளாத பதினெட்டு வயது மாணவி, தன் உள்ளத்து நாட்டத்தை மட்டும் உணர்ந்தவள், இச்சொல்லுக்குள் எங்கே நிற்பாள்? மணமான ஆண்பெண்ணை நாம் ‘ஈரினச்சேர்க்கையாளர்’ என்று அறிமுகப்படுத்துவதில்லை. அவர்களைக் கணவன், மனைவி, காதலர் என்கிறோம். ஒரு சாராரை மட்டும் படுக்கையறையைக் கொண்டு பெயரிடுவது அவர்களது அன்பையும், தனிமையையும், உண்மையையும் மறைத்துவிடுகிறது. ‘தன்பாலீர்ப்பு’ என்னும் சொல் இக்குறையைத் தீர்க்கிறது. ஈர்ப்பு என்பது உள்ளத்தின் சாய்வு. செயலைக் குறித்துத் திருச்சபை எம்முடிவு கொண்டாலும், ஈர்ப்பை உடையவர் ஒரு முழு மனிதர் என்பதை அச்சொல் நினைவூட்டுகிறது. இருபாலாரிடமும் ஈர்ப்புடையோர்க்கு ‘இருபாலீர்ப்பு’ என்னும் சொல்லும், இவர்கள் யாவரையும் ஒருங்கே குறிக்கப் ‘பால்புதுமையர்’ என்னும் சொல்லும் வழக்கிற்கு வந்துள்ளன.

இச்சொற்களை ஆக்குவதில் மதுரைக்கும் பங்குண்டு. 2012 சூலையில் அந்நகரில் ஆலன் டூரிங் பெயரால் வானவில் விழா நடைபெற்றது. 2014 இல் கோபி சங்கர் எழுதிய ‘மறைக்கப்பட்ட பக்கங்கள்’ என்னும் நூல் வெளியாயிற்று. இவை வெறும் மொழிபெயர்ப்பு முயற்சிகளாக நில்லாமல், தம்மைப் பற்றித் தம் தாயிடம் தாய்மொழியில் பேச விரும்பியோரின் தேவையினின்று எழுந்தவை.

4. நீதிமன்றம் கற்ற பாடம்

2021 இல் மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்கள், தங்கள் உறவை எதிர்த்த பெற்றோரிடமிருந்து பாதுகாப்புக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். வழக்கை விசாரித்த நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்கே முன்முடிவுகள் இருப்பதை மறைக்கவில்லை. தீர்ப்பு எழுதுமுன் உளவியலார் ஒருவரிடம் அமர்ந்து கற்றார். அவ்வாண்டு ஜூன் 7 அன்று பிறப்பித்த ஆணையில், பாலீர்ப்பை மாற்றுவதாகக் கூறும் சிகிச்சைகளைத் தடைசெய்தார். பின்னர் செய்தித்தாள்களும் காவல்துறையும் கையாளும் சொற்களின் கொடுமையை எடுத்துக்காட்டி, மதிப்பான சொற்பட்டியல் ஒன்றினை அரசு ஏற்கவேண்டுமெனப் பணித்தார். 2022 ஆகஸ்டில் தமிழக அரசு அத்தகைய சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது.

இதில் இறையியலார் கவனிக்கத்தக்க செய்தி சட்டத்தைவிட மேலானது. தீர்ப்பிடும் அதிகாரம் பெற்ற ஒருவர், தாம் தீர்ப்பிட வேண்டியவரைத் தமக்குத் தெரியாது என ஒப்புக்கொண்டார், கற்றுக்கொண்டபின் பேசினார். திருச்சபை நீதிமன்றத்திடம் மனத்தாழ்மையைக் கற்கவேண்டிய நிலை வந்தது நமக்கு நாணத்தைத் தரவேண்டும்.

5. ஒருவர் தம் பெயரை எவ்வாறு தெரிந்துகொள்கிறார்?

சொற்பட்டியல் கிடைத்துவிட்டதால் வேலை முடிந்துவிடவில்லை. ஒரே நிலையிலுள்ள இருவர் வெவ்வேறு பெயரைத் தெரிந்துகொள்ளலாம். ஆங்கிலம் பயின்று நகரத்தில் பணிபுரிபவர் ‘கே’ என்றோ ‘லெஸ்பியன்’ என்றோ கூறுவார். பெண்மை சார்ந்த இயல்புடன் ஆண்களை நேசிக்கும் உழைக்கும் வகுப்பு ஆண்கள் பலர், தமக்குள் ‘கோத்தி’ என்னும் சொல்லை வழங்குகின்றனர். எய்ட்ஸ் தடுப்புப் பணியாளர் 1990 களில் ‘ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள்’ என்றொரு தொடரை வழங்கினர். அது நோய்க்கணக்குக்கு உதவிற்று. ஆனால் ‘நான் யார்’ என்று தன்னைக் கேட்கும் ஒருவருக்கு அது விடையாகவில்லை.

பெயரைத் தெரிந்துகொள்வதில் பாதுகாப்பும் ஒரு காரணம். சென்னையில் ஒரு சொல்லும், கீரனூரில் மௌனமும் என இரட்டை வாழ்க்கை நடத்துவோர் பொய்யரல்லர், அஞ்சி வாழ்வோர். காலமும் ஒரு காரணம். இருபது வயதில் ஒரு பெயரைக் கூறியவர், தம்மை இன்னும் நன்கு அறிந்தபின் முப்பதில் வேறு பெயரைக் கூறலாம். முன்னது பொய்யென்றோ, பின்னது மனந்திரும்புதல் என்றோ நாம் விரைந்து முடிவு செய்தல் தகாது. வேறு சிலர் எப்பெயரும் வேண்டா என்பர். அதுவும் ஒரு தெரிவே. பெயர் என்பது ஒருவர் தம்மைக் குறித்துக் கூறும் அறிக்கை. பிறர் எழுதித்தரும் மருந்துச் சீட்டன்று.

ஓர் எச்சரிக்கையும் தேவை. சொல்லை மாற்றிவிட்டு இகழ்ச்சியை வைத்துக்கொண்டால், புதிய சொல்லும் கறைபடும். ‘தேவரடியார்’ கறைபட்டது, ‘அலி’ கறைபட்டது. ‘திருநங்கை’ என்பதைக்கூடக் கேலிக்குரலில் கூறுவோரை இன்று கேட்கிறோம். பெயர்கள் அடிக்கடி மாறுவதற்கு அம்மக்களின் நிலையாமை காரணமன்று. நாம் ஒவ்வொரு சொல்லையும் அழுக்காக்கிவிடுவதே காரணம்.

6. திருமறை மொழிபெயர்ப்பில் சொற்கள்

நாம் பிரசங்க மேடையில் கையாளும் சொற்களுக்கும் வரலாறு உண்டு. 1 கொரிந்தியர் 6:9 இல் பவுல் இரு கிரேக்கச் சொற்களை அடுத்தடுத்து வைக்கிறார். முதலாவது ‘மலக்கோய்’. ‘மென்மையானவர்’ என்பதே அதன் நேர்பொருள். மத்தேயு 11:8 இல் மெல்லிய ஆடையைக் குறிப்பதும் இச்சொல்லே. இரண்டாவது ‘அர்செனோகொய்த்தாய்’. ‘ஆண்’, ‘படுக்கை’ என்னும் இரு சொற்கள் இணைந்தது. லேவியராகமம் 20:13 இன் கிரேக்க மொழிபெயர்ப்பில் இவ்விரு சொற்களும் அருகருகே நிற்கின்றன. பவுலுக்கு முன் இக்கூட்டுச் சொல்லை வழங்கியோர் எவரையும் நாம் அறியோம்.

நமது ஐக்கியத் திருப்புதல் இவற்றுள் முதலாவதைச் ‘சுயபுணர்ச்சிக்காரர்’ எனவும், இரண்டாவதை ‘ஆண்புணர்ச்சிக்காரர்’ எனவும் பெயர்த்தது. ஆங்கிலத்தில் 1946 இல் வெளிவந்த திருத்தப்பட்ட நியமத் திருப்புதலின் புதிய ஏற்பாடு, இரண்டையும் ஒன்றாக்கி ‘ஹோமோசெக்சுவல்ஸ்’ என்று எழுதிற்று. 1971 ஆம் ஆண்டுப் பதிப்பில் அச்சொல் நீக்கப்பட்டது. ஒரே கிரேக்கச் சொல்லைத் தமிழில் வாசித்தோர் ஒரு பாவத்தையும், ஆங்கிலத்தில் வாசித்தோர் வேறொரு பாவத்தையும் நினைத்துத் தம்மை நொந்துகொண்டனர். இங்கே பவுல் ஆணோடு ஆண் கொள்ளும் உறவு முழுவதையும் விலக்குகிறார் என்போர் உளர். சிறுவரையும் அடிமைகளையும் சுரண்டிய அக்காலத்து வழக்கத்தையே கண்டிக்கிறார் என்போரும் உளர். இவ்விரு சாராரும் ஒன்றை மட்டும் ஒப்பலாம். 1869 இல் பிறந்த சொல்லையும், அது குறிக்கும் ‘பாலீர்ப்பு’ என்னும் கருத்தையும் முதல் நூற்றாண்டுத் திருமுகத்தில் அப்படியே பொருத்துதல் கவனமான விளக்கமன்று.

மற்றொரு சான்று இன்னும் வியப்பானது. ஏசாயா 56 இல் வரும் எபிரேயச் சொல்லான ‘சாரிஸ்’ என்பதை நம் திருப்புதல் ‘அண்ணகன்’ எனப் பெயர்க்கிறது. அதே சொல் தானியேல் 1 இல் வரும்போது ‘பிரதானி’ என்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 8 இல் எத்தியோப்பியரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் அண்ணகன் என்னும் பொருளுடையதே. ஆனால் நம் திருப்புதலில் அவர் ‘மந்திரி’ ஆனார். அரண்மனை அலுவலரையும் அச்சொற்கள் குறித்தமையால், இப்பெயர்ப்பு முற்றும் பிழையென்று சொல்வதற்கில்லை. எனினும் விளைவை நோக்குங்கள். இரண்டு நெடிய தலைமுறைகளுக்கும் மேலாகத் தமிழ்ச் சபையார் இப்பகுதியை வாசித்தும், ஆலயத்தின் உட்சபைக்கு விலக்கப்பட்ட உடலையுடைய ஒருவர் (உபா. 23:1) திருமுழுக்குப் பெற்றதை அறியாமலே இருந்தனர். இகழ்ச்சிக்குரிய இடத்தில் அச்சொல் வெளிப்பட்டது. பெருமைக்குரிய இடத்தில் அது மறைந்துபோயிற்று.

7. மேய்ப்புப் பணிக்குரிய விளைவுகள்

முதலாவது, கேட்க வேண்டும். வந்தவர் எச்சொல்லைத் தமக்கு வழங்குகிறாரோ அதையே ஆயரும் வழங்குதல் நன்று. அச்சொல் புரியாவிடில், “இதன் பொருளை எனக்குச் சொல்லுங்கள்” என்று கேட்பதில் இழுக்கில்லை. அவர் சொல்லை வழங்குவது அவருடைய வாழ்க்கை முழுவதையும் ஒப்புக்கொண்டதாகாது. அவரை மனிதராக ஏற்றதாகவே அது பொருள்படும்.

இரண்டாவது, பெயரைத் திணித்தலாகாது. நடையையும் குரலையும் கண்டு ஒருவரை இன்னார் என ஊகித்துப் பேசுவது புறங்கூறுதலே. பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்னும் கட்டளையை லுத்தரன் சபையார் எட்டாவதாகவும் வேறு பல சபையார் ஒன்பதாவதாகவும் எண்ணுவர். எண் எதுவாயினும் கட்டளை ஒன்றே. சிறிய ஞானோபதேசத்தில் லுத்தர் இதனை விளக்குகையில், அயலானைக் காட்டிக்கொடாமலும் அவனைப் பற்றி நன்மையாகவே பொருள்கொண்டும் பேசவேண்டும் என்று கற்பித்தார். ஒருவர் ஏற்காத பெயரை அவர்மேல் சுமத்துவது இக்கட்டளையை மீறுவதாகும்.

மூன்றாவது, இரகசியம் காத்தல். சிற்றூரில் ஒரு சொல் வெளியானால் அது மாலைக்குள் ஊர் முழுதும் பரவும். பெற்றோரிடம் சொல்லிவிடுவதே நன்மையென ஆயர் கருதலாம். அதன் முடிவு அடியும், வீட்டுச் சிறையும், அவசரத் திருமணமும் ஆகலாம். அத்திருமணத்தில் ஏமாற்றப்படுபவர் அவர் மட்டுமல்லர். ஒன்றும் அறியாது மணவறையில் வந்தமரும் மற்றவரும் நம் சபையின் பிள்ளையே. “கலியாணம் செய்தால் சரியாகிவிடும்” என்னும் ஆலோசனையை எந்த ஆயரும் இனி கூறலாகாது.

நான்காவது, நோய்ப்பெயரும் பேய்ப்பெயரும் இடலாகாது. பாலீர்ப்பு நோயன்று என மருத்துவ உலகம் அறிவித்துவிட்டது. அதை மாற்றுவதாகச் சிகிச்சை அளிப்பது மருத்துவரின் தொழில்முறைத் தவறு என 2022 இல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. மருத்துவர் கைவிட்டதை உபவாசக் கூட்டத்தில் பேயோட்டுதலாக நாம் தொடர்வது விசுவாசமாகாது. அது உடைந்த உள்ளத்தை மேலும் உடைப்பதாகும்.

ஐந்தாவது, பிரசங்க மேடை. அங்கே ‘அவர்கள்’ என்று பேசும்போது, அவர்களில் ஒருவர் பாயிலோ பலகையிலோ அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். பாடகர் குழுவில் இருக்கலாம்; ஓய்வுநாட் பள்ளி ஆசிரியராயிருக்கலாம். அவர் அன்று தம்மைப் பற்றிக் கேட்கும் முதற்சொல் ஆயரின் சொல்லாயிருக்கும்.

முடிவுரை

ஆதியாகமம் 16 ஐ மெல்ல வாசிப்போர் ஒன்றைக் காண்பர். ஆபிராமும் சாராயும் ஆகாரைக் குறித்துப் பேசுகிறார்கள். ஆனால் ஒருமுறையேனும் அவள் பெயரைச் சொல்வதில்லை. அவர்கள் வாயில் அவள் ‘அடிமைப்பெண்’ மட்டுமே. வனாந்தரத்து நீரூற்றண்டையில் அவளைக் கண்ட தூதரே முதன்முதல் அவளைப் பெயர் சொல்லி அழைக்கிறார். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என வினவுகிறார். தீர்ப்பு உரைப்பதற்குமுன் பெயரும், பெயருக்குப்பின் வினாவும் வந்தன. மேய்ப்புப் பணியின் ஒழுங்கு இதுவே.

ஏசாயா 56 இல் ஆண்டவர் அண்ணகர்க்கு வாக்களிப்பது பிள்ளைப்பேற்றையன்று, உடல் மாற்றத்தையுமன்று. புதல்வர் புதல்வியர்க்குரியதிலும் மேலான ஒரு பெயரை, அதுவும் தம் ஆலயத்திற்குள்ளேயே, அவர் வாக்களிக்கிறார். எத்தியோப்பியர் தேரில் அமர்ந்து வாசித்துக்கொண்டிருந்தது ஏசாயாவின் அதே சுருளைத்தான். தாம் திருமுழுக்குப் பெறத் தடையென்ன என்று அவர் கேட்டார். பிலிப்பு அவரோடு தண்ணீரில் இறங்கினார்.

ஆலயத் தூணருகே நிற்கும் அந்த இளைஞர் இன்னும் ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நிற்கிறார். அச்சொல் நமக்குப் புதிதாயிருக்கலாம். நாளை அது மாறவும் கூடும். தம் ஆடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் மேய்ப்பரின் பணியாளராகிய நாம், அவர் பெயரை முதலில் கேட்டறிவோமாக.